பட்டியலில் பெயர் இருந்தால் போதுமா? பழைய கட்டடங்கள் பற்றிச் சில கேள்விகள்

எங்கள் தெருவில் உள்ள பழைய மாளிகை, இடிக்காமல் பாதுகாக்க வேண்டிய கட்டடங்களின் பாரம்பரியப் பட்டியலில் சேரப்போகிறதாம். இனிக் கவலையில்லைதானே?

இப்போதுதான் கவலைப்பட வேண்டும். 'சேரப்போகிறது' என்பதற்கும் 'சேர்ந்துவிட்டது' என்பதற்கும் நடுவில்தான் புல்டோசர் வரும். லண்டனின் மேற்குப் பகுதியில் இருந்த பயர்ஸ்டோன் தொழிற்சாலையைப் பட்டியலில் சேர்க்க 1980 ஆகஸ்டில் எல்லாம் தயாராக இருந்தது. இடையில் ஒரு நீண்ட வார விடுமுறை. அது முடிவதற்குள் முகப்பை இடித்துத் தள்ளிவிட்டார்கள். பரிசீலனை நடக்கும்போதே இடிக்கத் தடை விதிக்கச் சட்டத்தில் வழி உண்டா என்று முதலில் விசாரியுங்கள். இங்கிலாந்தில் உள்ளாட்சி அமைப்பு தரும் தற்காலிக நோட்டீஸ், 6 மாதம்வரை கட்டடத்துக்கு முழுப் பாதுகாப்பு தரும்.

உரிமையாளர் இடிக்கவில்லை, வெறுமனே பூட்டிப் போட்டிருக்கிறார். அதில் என்ன தப்பு?

இடிப்பதற்குத்தான் அனுமதி வேண்டும். தானாக இடிந்து விழ விடுவதற்குப் பல ஊர்களில் யார் அனுமதியும் வேண்டாம். நான் பார்த்தவரை கதை பெரும்பாலும் மொட்டைமாடி மூலையில்தான் ஆரம்பிக்கும். மழைநீர்க் குழாயின் வாயைச் சருகு அடைத்துக்கொள்ளும். தேங்கும் தண்ணீர் சுவருக்குள் இறங்கும். சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திரத்தின் முனை முதலில் உளுத்துப்போகும். அறைக்குள் நின்று பார்த்தால் மரம் நன்றாகத்தான் தெரியும். இடையில் யாராவது நல்லெண்ணத்தில் சுண்ணாம்புக் காரையைக் கொத்திவிட்டு சிமென்ட் பூசினால், உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும். சில வருஷங்களில் 'அபாயகரமான கட்டடம்' என்று ஒரு சான்றிதழ், அப்புறம் இடிக்க உத்தரவு. ஒரு கை சருகை அள்ளிப் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம்!

யாரும் புழங்காத பட்டியல் கட்டடமாக இருந்தால், 7 நாள் நோட்டீஸ் கொடுத்து அவசரப் பழுதுகளை உள்ளாட்சியே சரிசெய்து, செலவை உரிமையாளரிடம் வசூலிக்க இங்கிலாந்துச் சட்டம் இடம் தருகிறது. அதுவரை நீங்கள் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஒரே இடத்தில் நின்று, தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

முகப்பை மட்டும் நிறுத்திவிட்டுப் பின்னால் அடுக்குமாடி கட்டலாமா?

கட்டுகிறார்கள். ஒன்றுமே மிஞ்சாததற்கு அது தேவலை. ஆனால் அதைப் 'பாதுகாத்தோம்' என்று கணக்கில் எழுதும்போதுதான் எனக்கு எரிச்சல் வரும்.

கழற்றி, எண் போட்டு வைத்து, வேறிடத்தில் நிறுத்தினால்?

இடமும் பணமும் தயாராக இருந்தால் நடக்கும். பிரசல்ஸில் கட்டடக் கலைஞர் விக்டர் ஓர்ட்டா கட்டிய மக்கள் மாளிகையை 1965-ல் இப்படித்தான் கழற்றினார்கள். மறுபடி எழும்பவே இல்லை; பாகங்களில் பெரும்பகுதி தொலைந்துபோனது. டோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டலை 1968-ல் இடித்தபோது நுழைவுக்கூடத்தை மட்டும் காப்பாற்றினார்கள். மெய்ஜி-முரா அருங்காட்சியகத்தில் அதை நிறுத்தி முடிக்க 1985 ஆகிவிட்டது.

ஊருக்காக உரிமையாளர் ஏன் நஷ்டப்பட வேண்டும்?

நியாயமான கேள்வி. பழைய கட்டடம் என்றதும் அவரை வில்லனாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. நியூயார்க்கில் பென் ஸ்டேஷன் என்ற ரயில் நிலையத்தை 1963-ல் இடிக்கத் தொடங்கிய அதிர்ச்சியில் 1965-ல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் மேல் கோபுரம் எழுப்ப அதே சட்டம் தடையாக நின்றபோது வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1978-ல் நகரம் ஜெயித்தது. அங்கே கட்ட முடியாத மாடிகளுக்கான உரிமையை அக்கம்பக்கத்து மனைகளுக்கு மாற்றிக்கொள்ள வழி இருந்ததும் அந்தத் தீர்ப்பில் ஒரு காரணம். தடை மட்டும் போட்டு, மாற்று எதுவும் தராத ஊரில்தான் சருகு அடைத்துக்கொள்கிறது.

இடித்துவிட்டு அபராதம் கட்டிவிட்டால்?

அபராதம் லாபத்தைவிடச் சிறியதென்றால் அதையும் கட்டுமானச் செலவில் சேர்த்துவிடுவார்கள். லண்டனில் கார்ல்டன் டாவர்ன் என்ற மதுக்கூடத்தை 2015-ல் அனுமதியில்லாமல் இடித்தார்கள். அபராதத்தோடு விடவில்லை, முன்பு இருந்தபடியே திருப்பிக் கட்டச் சொல்லி உத்தரவு வந்தது. சந்தேகப்பட்ட அக்கம்பக்கத்தார் சொன்னதால், பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பினர் இடிப்பதற்கு முன்பே படங்களும் ஓடுகளின் அச்சும் எடுத்து வைத்திருந்தார்கள். அதை வைத்துக் கட்டி, 2021-ல் கதவைத் திறந்தார்கள்.