பதிவும் இடுகையும்

அன்புள்ள அக்காவுக்கு,

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். எங்கள் ஊர் வாசிகசாலைக்காக, வலைப்பதிவு எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் சொற்கள் நாற்பதைத் தொகுத்து ஒரு சிறிய கையேடு செய்கிறேன். பட்டியலை இத்துடன் அனுப்புகிறேன். தமிழ் தெரியாத சொற்களைக் கூகிள் மொழிபெயர்ப்பில் போட்டு எடுத்தேன். என் கேள்வி இதுதான்: புளொக் என்பதற்கு வலைப்பூ சரியா, வலைப்பதிவு சரியா? இன்னொரு சந்தேகமும் உண்டு. எல்லோரும் போஸ்ற், கொமென்ற் என்றே சொல்லும்போது இந்தத் தமிழ்ச் சொற்கள் இனித் தேவையா? இவையெல்லாம் தமிழ்நாட்டில் செய்தவை, ஈழத்தவருக்கு இதில் பங்கில்லை என்று என் நண்பன் சொல்கிறான். அது உண்மையா?

அன்புடன்,
சி., கோண்டாவில்

அன்புள்ள தங்கச்சிக்கு,

போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்க அலுமாரியை நகர்த்தினோம். பின்னால் விழுந்து கிடந்த பழைய சீ.ஆர். கொப்பி ஒன்று அகப்பட்டது. 2006, 2007 இல் என் வலைப்பதிவுக்காகக் கையால் எழுதி வைத்த கொப்பி. கடைசிப் பக்கத்தில் நீர் இப்போது செய்கிற அதே வேலையை நானும் செய்திருக்கிறேன். திரட்டி, ஓடை, வார்ப்புரு, மட்டுறுத்தல், குறிச்சொல், பின்னூட்டம், மீள்பதிவு, அனானி என்று வரிசையாகச் சொற்கள், எதிரே ஒவ்வொன்றுக்கும் விளக்கம். அதில் ‘பதிவு’ என்ற ஒரு சொல் மட்டும் இரண்டு கோடு போட்டு வெட்டப்பட்டிருக்கிறது. பக்கத்தில் ‘இடுகை’. பேனை தாளைக் கிழித்திருக்கிறது, அவ்வளவு அழுத்தி வெட்டியிருக்கிறேன். அந்த வெட்டைப் பார்த்ததிலிருந்து மனம் அதிலேயே நின்றது. இந்த நேரத்தில் உமது கடிதம் வந்தால் பதில் எழுதாமல் இருக்க முடியுமா?

முதலில் பட்டியல். ஏழாவது சொல்லாக, போஸ்ற் என்பதற்குத் ‘தபால்’ என்று போட்டிருக்கிறீர். அது இடுகை இருக்க வேண்டிய இடம். பீட் (feed) என்பதற்கு ஓடை இருக்க வேண்டிய இடத்தில் ‘தீவனம்’. ஹோஸ்ற் (host) என்பதற்கு, வழங்கி இருக்க வேண்டிய இடத்தில் ‘விருந்தோம்பி’. பிள்ளை, தீவனம் மாட்டுக்கு வைப்பது. எழுதுகிறபோதே உமக்கு அது உறுத்தவில்லையா? புதிதாக எழுதியது ஒவ்வொன்றும் தானாக வந்து சேரட்டும் என்று யாரோ யோசித்து, ஓடிவருகிற தண்ணீரை நினைத்து, ஓடை என்று பெயர் வைத்தார்கள். ரெம்பிளேற்றுக்கு வார்ப்புரு என்ற சொல்லைச் செய்தவர், உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றுகிறவனை நினைத்திருக்க வேண்டும். இருபது வருடத்துக்கு முதல் மினக்கெட்டுச் செய்த சொற்கள் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்க, இயந்திரத்திடம் கேட்டு எழுதியதை வாசிகசாலை மேசையில் வைக்கப் போகிறீரா? இதில் எனக்கு உண்மையாகவே கோபம். பட்டியலைத் திருத்தாமல் அச்சுக்குக் கொடுக்க வேண்டாம்.

போஸ்ற், கொமென்ற் என்று சொல்வதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. கதிரையும் அலவாங்கும் சப்பாத்தும் போர்த்துக்கீசர் விட்டுப் போனவை. ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தார்கள், 1795 இல் ஆங்கிலேயரிடம் விட்டுப் போனார்கள். கந்தோரும் லாச்சியும் அவர்களோடு கப்பல் ஏறவில்லை. நாங்களும் அவற்றைத் தமிழென்று நினைத்தே பேசுகிறோம். வாயில் வருகிறதைப் பேசும். கையேட்டில் தமிழ்ச் சொல் இருக்கட்டும். இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

உமது நண்பனுக்கு ஒரு வார்த்தை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியதை ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்ற நாங்கள் எல்லோரும் போய் நின்றது ஈழத்தவரான சுரதாவின் பொங்குதமிழ்ச் செயலியில். தமிழ் விக்கிப்பீடியாவை அதன் தொடக்க காலத்தில் கட்டுரை கட்டுரையாக எழுதி நிமிர்த்திய மயூரநாதன் யாழ்ப்பாணத்தவர். ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்த்து வைக்கிற நூலகம் தளம் 2005 இல் தொடங்கியது. பலருடைய வலைப்பதிவுகளையும் ஓரிடத்தில் சேர்த்துக் காட்டிய தமிழ்மணம் திரட்டியை 2004 இல் தொடங்கிய காசி ஆறுமுகம் தமிழ்நாட்டவர். அந்தத் திரட்டியில் எங்கள் எழுத்தும் அவர்கள் எழுத்தும் அடுத்தடுத்த வரியில் கிடந்தன. யார் செய்த சொல் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. இதற்கு முதலும் இந்த மண்ணில் சொல் செய்திருக்கிறார்கள். மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் படிப்பித்தார், அதற்கு வேண்டிய சொற்களைத் தன் மாணவர்களோடு இருந்து தேடினார். நண்பனை அந்தப் பக்கம் ஒருக்கால் போய்வரச் சொல்லும்.

இனி நான் சொல்ல வந்தது.

2006 ஆகஸ்டில் சண்டை மூண்டு, யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 பாதை மூடப்பட்டது. அப்போது நீர் நாலைந்து வயதுப் பிள்ளையாக இருந்திருப்பீர், சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றது ஞாபகம் இருக்காது. இரவில் ஊரடங்கு. பகலில் கிடைக்கிற நேரத்துக்குள் எல்லா வேலையையும் முடிக்க வேண்டும். நான் இரவில் விளக்கு வைத்துக் கொப்பியில் எழுதுவேன், பகலில் கொக்குவில் பக்கம் ஒரு நெற்கபேக்குச் சைக்கிளில் போய்த் தட்டி ஏற்றுவேன். இணைப்பு அறுந்து அறுந்து வரும். ஒரு மணித்தியாலக் காசில் பாதி காத்திருப்பதிலேயே போய்விடும்.

ஒரு நாள் மத்தியானம். அம்மம்மா விறாந்தையில் இருந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு, “அம்மம்மா, ஒரு பதிவு போட்டிட்டு வாறன்” என்றேன்.

சுளகு நின்றது.

“ஆர் வரச் சொன்னது? போன கிழமைதானே பதிஞ்சது?”

“அது இல்லை அம்மம்மா…”

அவர் கேட்கவில்லை. எழும்பி உள்ளே போனார். அலுமாரி லாச்சி இழுபடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது கையில் அந்தப் பொலித்தீன் பை. அடையாள அட்டைப் பிரதிகள், வீட்டில் உள்ளவர்களின் பெயர் எழுதிய தாள், எல்லோரும் சுவரோடு நின்று எடுத்த குடும்பப் படம், விதானையாரின் கடிதம், எல்லாவற்றையும் சுற்றி ஒரு றப்பர் பட்டி. பையை என் சைக்கிள் கூடைக்குள் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “மாமாவைக் கேட்டா கொழும்பிலை எண்டு சொல்லு” என்றார். மாமா எங்கே என்று அப்போது எங்களுக்கே தெரியாது.

சைக்கிளை ஸ்ராண்டில் விட்டுவிட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். கொப்பியைத் திறந்து காட்டினேன். நான் எழுதினதை எல்லோரும் பார்க்கிற மாதிரி ஓர் இடத்தில் வைக்கிறது, அதற்குத்தான் பதிவு என்று பெயர், வேறொன்றும் இல்லை என்று சொன்னேன். நீண்ட நேரம் என் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “அப்ப வைக்கிறது எண்டு சொல்லு. இடுறது எண்டு சொல்லு. பதியிறது எண்டு ஏன் சொல்லுறாய்?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அன்றைக்கு நெற்கபேயில் இருந்தபோது, தமிழ்மணத்தில் ஏற்கனவே ‘இடுகை’ என்ற சொல் புழங்குவதைக் கவனித்தேன். அதுவரை கண்ணில் பட்டும் மனதில் படாத சொல். வீட்டுக்கு வந்து கொப்பியை எடுத்து வெட்டினேன்.

பதிவு என்பது கெட்ட சொல் இல்லை. காணி வாங்கினால் பதிகிறோம், கல்யாணம் முடித்தால் பதிகிறோம். அதற்கு முந்திய தலைமுறைகளுக்குத் தோம்பு என்ற சொல் இருந்தது, அதுவும் வெளியிலிருந்து வந்த பதிவேடுதான். ஆனால் அந்த வருடங்களில் இந்த ஊரில் பதிவு என்றால் ஆமிக்காரர் உம்மை எழுதிக்கொள்வது. நீர் நிற்பீர், அவர் எழுதுவார். பெயர் தாளில் இருந்தாலும் பயம், இல்லாவிட்டாலும் பயம். அந்தச் சொல்லைத்தானா நான் விரும்பி எழுதிய எழுத்துக்கும் வைக்க வேண்டும்?

‘இடு’ என்பதை எடுத்துப் பாரும். கோலம் இடுகிறோம், உரம் இடுகிறோம், பொட்டு இடுகிறோம், பிள்ளைக்குப் பெயர் இடுகிறோம். இட்டவர் எழும்பிப் போய்விடலாம், இட்டது அங்கே இருக்கும். வருகிறவர் யாரென்று கேள்வி இல்லை. அகராதியில் இடுகை என்பதற்குக் கொடை என்றே ஒரு பொருள் இருக்கிறது. இதைவிடப் பொருத்தமான சொல் வேறெங்கே கிடைக்கும்?

அப்போதே இதை ஓர் இடுகையாக எழுதினேன். பின்னூட்டங்கள் வந்து குவிந்தன, பாதிக்கு மேல் எதிர்ப்பு. ‘என் பதிவில் நேற்று ஒரு பதிவு’ என்று தளத்துக்கும் எழுத்துக்கும் ஒரே சொல்லைப் போட்டுக் குழப்புகிறோம், அதற்காவது இடுகை வேண்டும் என்று ஒருவர் மட்டும் ஆதரித்தார். ரொறன்ரோவிலிருந்து இன்னொருவர் எழுதினார்: அவர்கள் எங்களைப் பதிந்தது போதும், இனி நாங்கள் எங்களைப் பதிவோம், அதனால் அந்தச் சொல்லைத்தான் பறித்து எடுக்க வேண்டும் என்று. அழகான வாதம். மூன்று நாள் அதையே யோசித்தேன். ஆனாலும் அவர் ரொறன்ரோவில் இருந்தார், என் அம்மம்மா விறாந்தையில் இருந்தார். பறித்து எடுக்கச் சொல்வது அங்கிருந்து சுலபம். அப்படித்தான் அவருக்குப் பதில் எழுதினேன். கொஞ்சம் கடுமைதான், ஆனால் இன்றைக்கும் அதே பதிலைத்தான் எழுதுவேன்.

ஆங்கிலச் சொல் பிறந்த கதையையும் கையேட்டில் சேரும். கப்பலின் வேகத்தை அளக்கக் கயிற்றில் கட்டிக் கடலில் எறிந்த மரக்கட்டைக்குப் பெயர் லொக். அந்தக் கணக்கை எழுதிய புத்தகம் லொக்புக். 1997 டிசம்பரில் ஜோர்ன் பார்கர் தன் இணையத்தளத்தை வெப்லொக் என்றார். 1999 இல் பீற்றர் மேர்ஹோல்ஸ் அந்தச் சொல்லை வேறு இடத்தில் உடைத்து, ‘வீ புளொக்’, அதாவது ‘நாங்கள் புளொக் செய்கிறோம்’ என்று பொருள் வருகிற மாதிரி ஆக்கினார். கடலில் மிதந்த கட்டைதான் இன்றைக்குப் புளொக். எந்தச் சபையும் கூடித் தீர்மானிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தவர்கள் தங்கள் கைக்கு வசதியாக வளைத்தார்கள். நாங்களும் அதைத்தானே செய்தோம்?

பின்னூட்டம் என்ற சொல்லை மட்டும் கருத்து என்று மாற்றிவிடாதையும். கருத்து எல்லோரிடமும் இருக்கிறது. பின்னூட்டத்தில் ஊட்டம் இருக்கிறது. நெற்கபேயில் நேரம் முடியப் போகிறபோது, வந்தவற்றில் நல்ல இரண்டு மூன்றைக் கொப்பியில் அவசரமாகப் பார்த்தெழுதிக்கொண்டு வருவேன். இரவில் அம்மம்மாவுக்கு வாசிப்பேன். மதுரையிலிருந்து ஒரு பிள்ளை, ‘உங்கள் அம்மம்மா கவனம்’ என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தது. அதை மூன்று தரம் வாசிக்கச் சொன்னார். “ஆரிந்தப் பிள்ளை? சாப்பிட்டிச்சுதோ எண்டு கேட்டு எழுது” என்றார். கேட்டு எழுதினேன். ஒரு கிழமை கழித்து, சாப்பிட்டேன் என்று மறுமொழி வந்தது. அந்த இரண்டு வரியும் கொப்பியில் இருக்கின்றன.

ஏழாவது சொல்லை வெட்டிவிட்டு இடுகை என்று எழுதும். தீவனத்தையும் விருந்தோம்பியையும் தூக்கும். மட்டுறுத்தலுக்கு நீர் எழுதிய விளக்கம் நன்றாக இருக்கிறது, அப்படியே விடும். வார விடுமுறையில் வீட்டுக்கு வாரும், கொப்பியைத் தருகிறேன், வேண்டியதைப் பார்த்தெழுதலாம். வலைப்பூவா வலைப்பதிவா என்று கேட்டிருந்தீர். நான் வலைப்பதிவு என்றுதான் எழுதுகிறேன். அம்மம்மா அந்தச் சொல்லுக்குப் பயப்படவில்லை. வலை என்று கேட்டதும், குருநகர்ப் பக்கம் மீன் ஏதும் வந்திருக்கோ என்றுதான் விசாரித்தார்.

அன்புடன்,
அக்கா