சிவப்பு எழுத்தில் ‘1,284 பிழைகள்’: கிளீனருக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: எங்கள் வீட்டு டெஸ்க்டாப் பழையது, விண்டோஸ் 10. ஆன் செய்து குரோம் திறப்பதற்குள் ஐந்து நிமிடம் ஓடிவிடுகிறது. கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்து வேகமாக்கும் என்று இணையத்தில் கிடைத்த இலவச கிளீனர் மென்பொருள் ஒன்றைப் போட்டேன். ‘1,284 பிழைகள், அபாய நிலை’ என்று சிவப்பில் காட்டி, சரிசெய்ய 1,499 ரூபாய் கேட்கிறது. மகளின் படிப்பு, பச்சைத் தேயிலைக் கணக்கு எல்லாம் இதில்தான் இருக்கின்றன. கட்டலாமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: கட்டாதீர்கள். அந்த 1,284-ல் பெரும்பாலானவை பிழையே அல்ல. பிரவுசர் சேமித்த குக்கீ (இணையதளங்கள் விட்டுவைக்கும் சிறு குறிப்பு) ஒவ்வொன்றும் ஒரு பிழை, தற்காலிக ஃபைல் ஒவ்வொன்றும் ஒரு பிழை, என்றோ நீக்கிய மென்பொருள் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளைக் குறித்துவைக்கும் பதிவேடு) விட்டுப்போன வரி ஒவ்வொன்றும் ஒரு பிழை என்று கூட்டிக்கொண்டே போனால் எண் ஆயிரத்தைத் தாண்டத்தான் செய்யும்.

பயமுறுத்தி விற்பது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். அமெரிக்காவில் ஆபீஸ் டிப்போ கடைகளில் இலவசமாகக் கம்ப்யூட்டரைச் சோதித்துத் தந்தார்கள். தொடக்கத்தில் நான்கு கேள்விகள். ‘கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறதா’ என்பது போன்றவை. ஏதாவது ஒன்றுக்கு டிக் போட்டாலே போதும், ஸ்கேனில் என்ன கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வைரஸ் அறிகுறி இருப்பதாக முடிவு வரும். 2019 மார்ச்சில் அந்த நிறுவனமும், மென்பொருளைக் கொடுத்த சப்போர்ட்.காம் நிறுவனமும் சேர்ந்து, இது குறித்த அரசு வழக்கில் 3.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. மைக்ரோசாஃப்டும் 2018 மார்ச் 1 முதல், மிரட்டும் செய்தி காட்டிப் பணம் கேட்கும் கிளீனர்களை வேண்டாத மென்பொருள் பட்டியலில் சேர்த்து, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் மூலம் நீக்கத் தொடங்கியது.

பணம் போவது ஒருபக்கம். ‘எல்லாவற்றையும் சரிசெய்’ பட்டனை அழுத்திய பிறகு வரும் சேதம்தான் எங்களுக்குப் பெரிய கவலை.

முதல் ஆபத்து ரெஜிஸ்ட்ரி. அதில் லட்சக்கணக்கான பதிவுகள் உண்டு. விண்டோஸ் தனக்கு வேண்டியதை முகவரியைக் கொண்டு நேராகப் போய் எடுக்கும், வரிசையாகத் தேடுவதில்லை. ஆகவே ஆயிரம் வரிகளை நீக்கினாலும் வேகத்தில் வித்தியாசம் தெரியாது. வேண்டிய ஒரு வரி தவறிப் போனாலோ பிரிண்டர் நிற்கும், கணக்கு மென்பொருள் திறக்காது, சில வேளை விண்டோஸே எழாது. ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே அறிவித்திருக்கிறது. இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: முன்பு விண்டோஸ் தானாகவே ரெஜிஸ்ட்ரிக்கு நகல் எடுத்து வைக்கும். விண்டோஸ் 10-ன் 1803 பதிப்பிலிருந்து அந்தப் பழக்கம் நிறுத்தப்பட்டுவிட்டது. கம்ப்யூட்டரை முந்தைய நிலைக்குத் திருப்பும் ரீஸ்டோர் வசதியும் பல கம்ப்யூட்டர்களில் அணைந்தே கிடக்கும். திரும்பிவர வழி இருக்கிறது என்று நம்பி இறங்காதீர்கள்.

அடுத்தது டிரைவர் அப்டேட்டர். வைஃபை, பிரிண்டர் போன்றவற்றை விண்டோஸ் இயக்க உதவும் நிரல்தான் டிரைவர். பொருந்தாத வைஃபை டிரைவரை அது ஏற்றிவிட்டால் இணையம் போய்விடும். சரியான டிரைவரை இறக்கவும் இணையம் வேண்டும். உங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மரம் விழுந்து மின்கம்பி அறுந்தால் எப்போது கரண்ட் வரும் என்று சொல்ல முடியாது. டிரைவரோ, கம்ப்யூட்டரை எழுப்பும் அடிப்படை நிரலான பயாஸோ பாதி ஏறும்போது கரண்ட் போனால் கம்ப்யூட்டர் கடைக்குத்தான் போகவேண்டும்.

‘ராம் பூஸ்டர்’ செய்வது வெறும் கண்கட்டு. ராம் என்பது ஓடும் மென்பொருள்கள் தங்கும் தற்காலிக நினைவகம். திறந்திருக்கும் மென்பொருள்களின் தகவலை ராமிலிருந்து டிஸ்க்குக்குத் தள்ளி ‘இத்தனை எம்பி மீட்டோம்’ என்று காட்டும். அடுத்த நொடி நீங்கள் குரோமைத் தொட்டதும் அத்தனையும் டிஸ்க்கிலிருந்து திரும்ப வரவேண்டும், முன்பைவிட மெதுவாகும். ப்ரீஃபெட்ச் ஃபோல்டரை அழிப்பதும் இதே ரகம். மென்பொருள்கள் சீக்கிரம் திறப்பதற்காக விண்டோஸ் எழுதிவைத்த குறிப்புகள் அவை.

பிரவுசரைச் சுத்தம் செய்யும் பகுதியில் ‘சேமித்த பாஸ்வேர்டு’ என்ற பெட்டியில் டிக் இருந்தால் எல்லாம் போய்விடும். எங்கும் எழுதி வைக்காதவர்கள் ஒவ்வொரு கணக்கையும் மீட்டெடுக்க அலைய வேண்டும்.

நல்ல பெயர் எடுத்த கிளீனர் என்றால் பயமில்லையா? 2017-ல் சிகிளீனரின் 5.33 பதிப்புக்குள்ளேயே வேவு நிரலைப் புகுத்திவிட்டார்கள். நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே இறங்கிய அந்தப் பதிப்பு 22 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களுக்குப் போனது. கம்ப்யூட்டர் முழுவதையும் தொட அனுமதி வாங்கும் மென்பொருள் எதுவானாலும் இந்த அபாயம் கூடவே வரும்.

இப்போது செய்ய வேண்டியது: முதலில் கணக்கு ஃபைல், படங்கள், மகளின் பாடங்கள் எல்லாவற்றையும் பென்டிரைவிலோ வெளி டிஸ்க்கிலோ நகல் எடுங்கள். செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் அந்தக் கிளீனரை நீக்குங்கள். அதோடு கேட்காமலே வந்து உட்கார்ந்த டூல்பார், இன்னொரு ஆன்டிவைரஸ் இருந்தால் அவற்றையும். பிறகு டிஃபெண்டரில் ஃபுல் ஸ்கேன் ஒன்று ஓட்டுங்கள். இடம் காலி செய்ய செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் வழியாகப் போனால் ‘டெம்பரரி ஃபைல்ஸ்’ இருக்கும், அதுவே போதும். அங்கே ‘டவுன்லோட்ஸ்’ என்ற வரியில் மட்டும் டிக் போடாதீர்கள். நீங்கள் இறக்கிவைத்த பில், சான்றிதழ் எல்லாம் அந்த ஃபோல்டரில்தான் இருக்கும்.

அடுத்து கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். ஸ்டார்ட்அப் பகுதியில் தேவையில்லாதவற்றை ‘டிஸேபிள்’ செய்யுங்கள். டிஃபெண்டர், சவுண்ட், டச்பேட் சம்பந்தப்பட்டதை விட்டுவிடுங்கள். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்று, வேகம் மட்டும் சில எம்பிதான் என்றால் நோய் அங்கேதான். அதற்கு எந்தக் கிளீனரும் மருந்தில்லை.

கேள்வி: நான் ஏற்கெனவே கட்டிவிட்டேன். போன வருடம் 999 எடுத்தார்கள், இந்த வருடம் கேட்காமலே 2,400 போய்விட்டது. மென்பொருளை நீக்கிய பிறகும் எப்படி?
– வாசகி, குன்னூர்

பதில்: மென்பொருளை நீக்கினால் சந்தா நிற்காது, இரண்டும் வேறு. யூபிஐ வழியே கட்டியிருந்தால் அந்தச் செயலியில் ஆட்டோபே பட்டியலைத் திறந்து ரத்து செய்யுங்கள். கார்டு என்றால் வங்கியின் செயலியிலோ கிளையிலோ இ-மேண்டேட்டை (தானாகப் பணம் எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதி) நிறுத்தச் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, இந்த ஏற்பாட்டில் பணம் எடுக்கக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் உங்களுக்குத் தகவல் வரவேண்டும். அந்த எஸ்எம்எஸ், மின்னஞ்சல் வந்ததா என்று தேடிப் பாருங்கள். வரவில்லை என்றால் அதையே வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள். நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். போனில் மட்டும் பேசினால் சாட்சி இருக்காது. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

யாராவது போன் செய்து, உங்கள் திரையைத் தூரத்திலிருந்து இயக்கியிருந்தால் கதையே வேறு. இணையத்தைத் துண்டித்து, உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் வங்கிக்கும் சொல்லி, வேறொரு போனிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள்.

கேள்வி: கிளீனர் வேண்டாம் என்றால் அந்தப் பணத்தை எதில் போடலாம்?
– வாசகர், ஊட்டி

பதில்: எஸ்எஸ்டியில், அதாவது சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்கில். சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 256 அல்லது 512 ஜிபி போட்டால் விண்டோஸ் திறக்கும் நேரம் கண்கூடாகக் குறையும். பிறகு ராம். 4 ஜிபி மட்டுமே இருந்து, குரோம் திறந்தவுடன் 90 சதவீதம் நிரம்பினால் 8 ஆக்குங்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியில் காலி ஸ்லாட் உண்டா என்று தெரியும். ராம் வகைகளான டிடிஆர்3, டிடிஆர்4 ஒன்றுக்கொன்று பொருந்தாது. மாடல் எண்ணைக் காட்டியே கேளுங்கள். கோவைக்கு இறங்கி வாங்கினாலும் ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்காதீர்கள். வாரண்டிக்கு அது வேண்டும்.

இதற்கு முன் ஒன்று பார்க்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் பொதுவாக 8-ம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் தேவை. அது இல்லாத கம்ப்யூட்டரில் நிறையச் செலவழிப்பதை நாங்கள் சொல்லமாட்டோம்; எஸ்எஸ்டி மட்டும் போடுங்கள், நாளை வேறு கம்ப்யூட்டருக்கும் அதைக் கழற்றிப் போடலாம்.

டெஸ்க்டாப்புக்கு 600 விஏ யூபிஎஸ் ஒன்று வையுங்கள். கரண்ட் திடீரெனப் போவதால் ஃபைல் அமைப்பு கெடுவதும் மெதுவாவதற்கு ஒரு காரணம். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் அணைத்தே வைக்காமல், அவ்வப்போது ஒரு மணி நேரமாவது ஓடவிட்டால் உள்ளே ஈரம் தங்காது. எஸ்எஸ்டி மாற்றியதும் பழைய டிஸ்க்கைக் கடையில் விட்டுவராதீர்கள். ஆதார் ஸ்கேன், வங்கி விவரம் எல்லாம் அதில் அப்படியே இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.