ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் மகள் யாரிடம் கேட்கிறாள்?

போன வாரம் ஒரு தந்தை மகளோடு என்னிடம் ஆலோசனைக்கு வந்தார். "விடிய விடிய முகம் தெரியாதவர்களிடம் ஏதோ கேட்டுக்கொண்டே இருக்கிறாள் சார், இவளை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?" என்றார். அவளுக்குப் பேர் பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றில் செயற்கை நுண்ணறிவுப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. பெரிய கடன் வாங்கித்தான் சேர்க்க வேண்டும். இதை விட்டால் அவ்வளவுதான் என்று சித்தப்பாவும் மாமாவும் நெருக்குகிறார்களாம். பயப்படாதீர்கள் என்றுதான் ஆரம்பித்தேன். அவளுடைய மடிக்கணினியைப் பார்த்ததும் சமாதானப் பேச்சை விட்டுவிட்டேன்.

பழைய கணினி ஒன்றில் டெபியன் (லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் ஒரு வகை) போட்டு அவளே ஒரு சர்வர், அதாவது மற்றவர்களுக்கு இணையதளம் வழங்கும் கணினி, நடத்துகிறாள். லினக்ஸ் உதவிக் குழுவில் அவள் கேட்ட முதல் கேள்வி: "சர்வர் வேலை செய்யவில்லை, அவசரம், உதவுங்கள்." ஒருவரும் பதில் போடவில்லை. ஆறு மாதம் கழித்துக் கேட்டது இது: "டெபியன் 12, என்ஜின்எக்ஸ்: வட்டில் இடம் இருந்தும் இடமில்லை என்ற பிழை." (என்ஜின்எக்ஸ் என்பது வலைப்பக்கங்களை அனுப்பும் மென்பொருள்.) கீழே, கோப்பு ஏற்றுவது எப்போது நின்றது, பிழைப்பதிவின் நான்கு வரிகள் எழுத்து மாறாமல், 'டிஎஃப் -எச்' கட்டளை பாதி இடம் காலி என்று காட்டுவது, சர்வரை மறுபடி தொடங்கியும் சரியாகாதது, கடைசியாக செஷன் கோப்புகளை (தளத்துக்கு வருபவர்களின் விவரத்தைத் தற்காலிகமாக வைக்கும் சிறு கோப்புகள்) வேறு கோப்புறைக்கு மாற்றியது. கடவுச்சொல்லையும் ஐபி முகவரியையும் மறந்தும் காட்டவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு வரி பதில் வந்தது: "'டிஎஃப் -ஐ' போட்டுப் பாருங்கள்." அது ஐநோடு எண்ணிக்கையைக் காட்டும் கட்டளை. ஐநோடு என்பது ஒரு கோப்பின் விவரத்தை வட்டில் குறித்துவைக்கும் பதிவு. அது மொத்தமும் தீர்ந்திருந்தது. எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் கோப்புக்கு ஒரு ஐநோடு வேண்டும். அதன் எண்ணிக்கை வட்டை ஃபார்மட் செய்யும்போதே முடிவாகிவிடும். புதுக் கோப்புறையில் குட்டிக் குட்டியாக லட்சக்கணக்கான செஷன் கோப்புகள். அவற்றை அழிக்க வேண்டிய, குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலையோ இன்னும் பழைய கோப்புறையைத்தான் துடைத்துக்கொண்டிருந்தது. எப்படிச் சரியானது என்பதையும் அங்கேயே எழுதிவைத்திருக்கிறாள், அடுத்து வருபவருக்காக.

ஐயா, சர்வர் நிர்வாகியின் வேலையே இதுதான். கண்ணால் பார்த்ததையும் ஊகித்ததையும் கலக்காமல் சொல்வது. நிறையப் பேர் "எல்லாக் கோப்புறைக்கும் 777 அனுமதி எப்படிக் கொடுப்பது?" என்று, அதாவது யார் வேண்டுமானாலும் எதையும் மாற்றலாம் என்று திறந்துவிடக் கேட்பார்கள், உண்மையான சிக்கல், ஒரே ஒரு கோப்பை வலைச் சர்வரால் படிக்க முடியவில்லை என்பதாக இருக்கும். 1991 ஜூலையில் ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் மினிக்ஸ் என்ற இயங்குதளத்தின் பயனர் குழுவில் ஒன்று கேட்டார்: ஒரு வேலைக்காகப் போசிக்ஸ் (இயங்குதளங்களுக்கான பொதுத் தரநிலை) விதிகள் வேண்டும், கணினியில் படிக்கும் வடிவில் எங்கே கிடைக்கும்? எதற்கு, என்ன, எந்த வடிவில் என்று எல்லாம் அதில் இருந்தது. அந்த வேலைதான் லினக்ஸ் ஆனது.

அந்தக் கடனை வாங்காதீர்கள். இதை நான் தயங்காமல் சொல்கிறேன். பட்டம் கேட்கிற நிறுவனங்கள் உண்டு, அதனால் கைக்காசில் கட்ட முடிகிற சாதாரணக் கணினிப் பட்டம் ஒன்றில் சேருங்கள். கூடவே சர்வர் ஓடட்டும். லினக்ஸோடு வரும் கையேடான மேன் பக்கங்களுக்கும் டெபியன் ஆவணங்களுக்கும் கட்டணம் கிடையாது. கை பழகிய பிறகு ரெட் ஹேட் என்ற லினக்ஸ் நிறுவனத்தின் ஆர்எச்சிஎஸ்ஏ என்ற சர்வர் நிர்வாகத் தேர்வு எழுதலாம். அதில் விடையை டிக் அடிக்க முடியாது, ஓடுகிற கணினியில் செய்து காட்ட வேண்டும். பயிற்சி மையத்துக்கு இப்போதே பணம் கட்ட வேண்டாம்.

செயற்கை நுண்ணறிவு பிடிக்குமா என்று அவளிடம் கேட்டேன். "சித்தப்பாவுக்குப் பிடிக்கும்" என்றாள். கடனைக் கட்டப்போவது சித்தப்பா இல்லை, நாலு வருடம் வகுப்பில் உட்காரப்போவதும் அவர் இல்லை.

தூக்க விஷயத்தில் மட்டும் நான் உங்கள் பக்கம். பதினொரு மணிக்குப் படுக்கச் சொல்லுங்கள். கேள்வியைச் சரியாக எழுதிப் போட்டுவிட்டால் பதில் காலையிலும் அங்கேயே இருக்கும்.