பையன் மேல் வழக்கு இருக்கிறதா, எங்கே பார்ப்பது?

கேள்வி: என் தங்கைக்கு மயிலாடுதுறை பக்கம் ஒரு வரன். பையன் மேல் அடிதடி கேஸ் இருப்பதாக ஊரில் பேச்சு. எப்படித் தெரிந்துகொள்வது?
- வாசகி, நீடாமங்கலம்

பதில்: வெறும் பேச்சை நம்பி நல்ல வரனைத் தட்டிவிடாதீர்கள். நீதிமன்ற வழக்கு விவரங்களைக் காட்டும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் மாவட்டம், நீதிமன்ற வளாகம், பெயர், வருடம் கொடுத்துத் தேடலாம், காசு கிடையாது. மயிலாடுதுறை 2020-ல்தான் தனி மாவட்டமானது, அதனால் பழைய வழக்குக்கு நாகப்பட்டினத்திலும் பாருங்கள். பெயரில்தான் சிக்கல். ராஜேந்திரன் என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஒரு 'ஐ' சேர்க்கிறவரும் உண்டு, விடுகிறவரும் உண்டு, ஆகவே முதல் நாலைந்து எழுத்தை மட்டும் அடித்துத் தேடுங்கள். அப்புறம், அதே பெயரில் பத்துப் பேர் வருவார்கள், அப்பா பெயரும் ஊரும் ஒத்துப்போகாமல் எதையும் முடிவு செய்யாதீர்கள், இது ஒருவருடைய மானம் சம்பந்தப்பட்டது. வழக்கு இருந்தாலும் நிலுவையா, விடுதலையா, தண்டனையா என்று கடைசிவரை படியுங்கள்.

எஃப்.ஐ.ஆர் எண் தெரிந்தால் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் நகலே கிடைக்கும், பாலியல் குற்றம் போன்றவை மட்டும் அதில் இருக்காது. எனக்குப் பிடித்த வழி, பையனையே நேரில் கேட்பது. அதே காவல்துறை தளத்தில் தன்னைப் பற்றிய காவல் சரிபார்ப்புக்கு அவரே விண்ணப்பிக்கலாம்.