ஒரே ஒரு இன்ட் சேர்த்ததற்கா இத்தனை கிராஷ்?

கேள்வி: லினக்ஸுக்காக சி மொழியில் ஒரு சின்ன ஷேர்டு லைப்ரரி (பல புரோகிராம்கள் ஓடும்போது பகிர்ந்துகொள்ளும் கோடு) எழுதி, கம்பைல் செய்த பைனரியாகவே கொடுக்கிறேன். அதன் 1.3 வெளியீட்டில் ஒரு ஸ்ட்ரக்டின் (பல மதிப்புகளை வரிசையாக வைக்கும் தொகுப்பு) நடுவே டைம்அவுட்டுக்காக ஒரே ஒரு இன்ட் (முழு எண்) சேர்த்தேன், எந்த ஃபங்ஷனையும் தொடவில்லை. பழைய புரோகிராம்கள் கிராஷ் ஆகின்றன, மறுபடி கம்பைல் செய்தால் ஓடுகின்றன. இது போதாதென்று, பழைய மெஷின்களில் ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) 2.34 இல்லை என்று பிழை வருகிறதாம். எங்கே தப்பு?

பதில்: மறுபடி கம்பைல் செய்தால் ஓடுகிறது என்கிறீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது. உங்கள் சோர்ஸ் ஒத்துப்போகிறது, பைனரிதான் ஒத்துப்போகவில்லை.

ஸ்ட்ரக்டில் இரண்டு இன்ட், அடுத்து ஒரு பாயின்டர் (மெமரியில் ஓர் இடத்தின் முகவரி) இருந்ததாக வைத்துக்கொள்வோம். 64 பிட்டில் இன்ட் 4 பைட், பாயின்டர் 8 பைட், பாயின்டர் 8-இன் மடங்கில்தான் ஆரம்பிக்கும். ஆக மொத்தம் 16 பைட், பூஜ்யத்திலிருந்து எண்ணினால் பாயின்டர் 8-இல் ஆரம்பிக்கும். நடுவே இன்னொரு இன்ட் நுழைந்ததும் பாயின்டர் 16-க்குத் தள்ளிப்போய், மொத்தம் 24 ஆகிவிடும். பழைய புரோகிராமோ 16 பைட்தான் ஒதுக்கி, பாயின்டரை 8-இல் வைத்து அனுப்புகிறது. புது லைப்ரரி அந்தப் பாயின்டரின் பாதியை டைம்அவுட் என்று படித்துவிட்டு, ஸ்ட்ரக்டுக்கு வெளியே கிடக்கும் குப்பையைப் பாயின்டர் என்று நம்பிப் போகிறது. கடைசியில் சேர்த்திருந்தால் தப்பித்திருக்கலாமே என்று தோன்றும். ஸ்ட்ரக்டை ஒதுக்குவது பயனர் என்றால் அதுவும் ஆபத்துதான், லைப்ரரி அந்த 16 பைட்டைத் தாண்டி எழுதினால் பக்கத்து வேரியபிள் காலி.

லோடர் (புரோகிராம் தொடங்கும்போது அதற்கு வேண்டிய லைப்ரரிகளைத் தேடி ஏற்றுவது) இதையெல்லாம் பார்க்காது. 1.3 என்று நீங்கள் போட்ட எண்ணையும் பார்க்காது, அது லைப்ரரியைத் தேடுவது சோநேமை (லைப்ரரிக்குள் பதிந்திருக்கும், முடிவில் ஓர் எண்ணோடு வரும் பெயர்) வைத்துத்தான். சோநேம் மாறாததால் பழைய புரோகிராமுக்குப் புது லைப்ரரியைத் தயங்காமல் கொடுத்துவிட்டது. சோநேமில் 1-ஐ 2 ஆக்கியிருந்தால் இரண்டும் ஒரே மெஷினில் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கும், ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற என்கிரிப்ஷன் லைப்ரரியின் 1.1-உம் 3-உம் அப்படித்தான் இருக்கின்றன.

இப்போது என்ன செய்யலாம்? 1.3 வெளியாகி ஓரிரு நாள்தான் ஆகிறது என்றால் திரும்பப் பெற்று, பழைய ஸ்ட்ரக்டோடு 1.3.1 விடுங்கள், டைம்அவுட்டைப் புது ஃபங்ஷன் ஒன்றின் ஆர்குமென்டாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் 1.3-ஐ வைத்து நிறையப் பேர் ஏற்கெனவே கம்பைல் செய்துவிட்டார்கள் என்றால் இது அவர்களை உடைக்கும், அப்போது சோநேமை மாற்றுவதுதான் நேர்மையான வழி. மாற்றும்போதே ஸ்ட்ரக்டை ஹெடரிலிருந்து (பயனர்கள் தங்கள் கோடில் சேர்த்துக்கொள்ளும் ஃபைல்) மறைத்துவிடுங்கள்: பெயரை மட்டும் அறிவித்து, உருவாக்க ஒரு ஃபங்ஷன், அழிக்க ஒரு ஃபங்ஷன். அப்புறம் உள்ளே எத்தனை இன்ட் சேர்த்தாலும் வெளியே யாருக்கும் தெரியாது.

ஜிலிப்சி விஷயம் வேறு. 2021-இல் வந்த 2.34-இல் த்ரெட்களுக்கான பிதிரெட் லைப்ரரியை ஜிலிப்சியின் முக்கிய லைப்ரரியான லிப்சிக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள், அதனால் புது மெஷினில் கட்டும்போது (பில்ட் செய்யும்போது) த்ரெட் உருவாக்கும் ஃபங்ஷன் 2.34 முத்திரையோடு பதிவாகிறது. உங்கள் லைப்ரரியில் அதுதான் காரணமா என்று பைனரிக்குள் இருப்பதைக் காட்டும் ஆப்ஜ்டம்ப் கருவியில் -T (பெரிய எழுத்து) ஆப்ஷன் போட்டுப் பாருங்கள். பழைய ஜிலிப்சியில் கட்டியது புதியதில் ஓடும், மாற்றிச் செய்தால் ஓடும் என்று நம்ப முடியாது. ஆகவே ஆதரிக்க நினைக்கும் மெஷின்களிலேயே பழைய ஜிலிப்சி எதில் இருக்கிறதோ, அதே சிஸ்டம் கொண்ட கன்டெய்னரில் (தனியாக இயங்கும் சிறு லினக்ஸ் சூழல்) கட்டுங்கள். ஜிலிப்சியையே கூடச் சேர்த்து அனுப்பும் யோசனை மட்டும் வேண்டாம், லோடரும் அதுவும் ஜோடி பொருந்தவில்லை என்றால் புரோகிராம் தொடங்கவே தொடங்காது.

இனி ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்பு பழைய, புதிய இரண்டு பைனரிகளையும் லிப்அபிகெயில் தொகுப்பில் உள்ள அபிடிஃப் கருவியில் கொடுத்து ஒப்பிடுங்கள். இரண்டையும் டீபக் தகவலோடு கம்பைல் செய்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்ட்ரக்ட் மாறியது அதன் கண்ணில் படாது.