உயிருள்ள பவளம் வளர்க்கும் தொட்டிக்குக் கலக்கும் உப்புநீர் ஏன் பால்போல் வெளுக்கிறது?

பெரும்பாலும் உப்பின் மேல் தண்ணீரை ஊற்றுவதால்தான். முதலில் விழும் கொஞ்சத் தண்ணீரில் உப்பு மிதமிஞ்சிச் செறிந்து, கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து சுண்ணாம்பாகப் படியும். அது எளிதில் மறுபடி கரையாது. பவளம் எலும்பு கட்டத் தேவையான பொருளே போய்விட்டதால், அந்த நீரைக் கொட்டிவிடுங்கள்.

டிடிஎஸ் (கரைந்த பொருள்களின் அளவு) 0 காட்டும் ஆர்ஓ டிஐ (முழுதாகச் சுத்திகரித்த) தண்ணீர் 20 லிட்டர் எடுத்து, நீரைச் சுழற்றும் சிறு பம்பான பவர்ஹெட்டை ஓடவிட்டு, சுமார் 750 கிராம் ரீஃப் சால்ட்டைக் (பவளத் தொட்டிக்கான உப்புக்கலவை) கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். பிராண்டுக்குப் பிராண்டு அளவு மாறும். உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு) காட்ட வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கருவியை வெறும் தண்ணீரில் அல்ல, 35 பிபிடி சரிபார்ப்புத் திரவத்தில் சரிபார்ப்பதே நம்பகமானது. தெளிந்ததும் தொட்டியின் வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, தொட்டி நீரில் வாரம் 10 சதவீதத்தை இதனால் மாற்றுங்கள். அதற்குமுன் ஹீட்டரை அணையுங்கள். நீர்மட்டம் இறங்கும்போது தண்ணீருக்கு வெளியே வந்து சூடேறும் ஹீட்டரின் கண்ணாடி விரிசல் விடும்.