பிரேக் பிடிக்கும்போது கார் ஏன் நடுங்குகிறது? – கேள்வி பதில்

மட்டக்களப்பில் நெடுங்காலம் கராஜ் நடத்திவரும் ஒருவர், பிரேக் நடுக்கம் பற்றிப் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

செங்கலடி: ஐயா, கண்டியிலிருந்து பதினெட்டு வளைவு வழியாக இறங்கி வந்த நாள் முதல், 80 கிலோமீற்றர் வேகத்தில் பிரேக்கை அழுத்தினால் என் அக்ஸியோ காரின் ஸ்டியரிங் நடுங்கியது. முன் டிஸ்க் இரண்டையும் மாற்றினேன். சில மாதங்களில் நடுக்கம் திரும்பிவிட்டது.

பதில்: டிஸ்க் என்பது சில்லுடன் சேர்ந்து சுற்றும் பிரேக் தட்டு. அதன் கனம் (தடிப்பு) சுற்றிலும் ஒரே அளவாக இல்லாவிட்டால், பிரேக் பிடிக்கும் விசை ஒவ்வொரு சுற்றிலும் கூடிக் குறையும், மில்லிமீற்றரில் நூறில் இரண்டு பங்கு வித்தியாசமே அதற்குப் போதும். 90 கிலோமீற்றர் வேகத்தில் உங்கள் சில்லு வினாடிக்கு ஏறத்தாழ 13 முறை சுற்றுகிறது. அத்தனை முறையும் அது பின்னுக்கு இழுபடுகிறது. சில்லைக் காரின் உடலோடு கீழே இணைக்கும் கைதான் லோவர் ஆம். அதன் பின்பக்கப் பெரிய புஷ் (உலோகக் குழாயைச் சுற்றிய றப்பர் மூட்டு) நன்றாக இருந்தால் அந்த இழுப்பில் பெரும்பகுதியைத் தானே வாங்கிக்கொள்ளும். றப்பர் கிழிந்து உலோகக் குழாயை விட்டுக் கழன்றிருந்தால், சில்லு முன்னும் பின்னும் ஆட இடம் கிடைத்து, அந்த ஆட்டம் முழுவதும் ஸ்டியரிங்கில் உங்கள் கைக்கு வந்துசேரும். கழன்ற புஷ்ஷை வைத்துக்கொண்டு எத்தனை டிஸ்க் மாற்றினாலும், கனத்தில் சிறு வித்தியாசம் உண்டானதும் நடுக்கம் திரும்பும்.

வீட்டு முற்றத்திலேயே இதைச் சோதிக்கலாம். ஒருவர் நடை வேகத்தில் காரை முன்னும் பின்னும் நகர்த்திப் பிரேக்கை அழுத்தட்டும். நீங்கள் கார் போகும் வழியை விட்டு விலகிப் பக்கவாட்டில் நின்று, சில்லுக்கும் மட்காட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். அது கண்ணுக்குத் தெரியும்படி மாறி, ‘டொக்’ என்று ஒரு சத்தமும் கேட்டால் புஷ்ஷைச் சந்தேகிக்கலாம். கராஜில் சிறிய அலவாங்கால் லோவர் ஆமை நெம்பிப் பார்த்தால் புஷ்ஷின் கிழிசல் வாய் திறக்கும். புதிய டிஸ்க் பொருத்துமுன் ஹப்பின் (டிஸ்க்கும் சில்லும் பொருந்தும் மையப் பகுதியின்) முகத்திலிருந்த துருவைச் சுரண்டினார்களா என்றும் கேளுங்கள். துருவின் மேல் பொருத்திய டிஸ்க் கோணலாகச் சுற்றி, சில ஆயிரம் கிலோமீற்றருக்குள் கனம் மாறித் தேய்ந்துவிடும்.

புஷ் மாற்றினால், கார் ஜாக்கில் தொங்கும்போது அதன் போல்ட்டை இறுதியாக இறுக்க விடாதீர்கள். கார் தன் சில்லுகளில் நிற்கும் உயரத்தில்தான் இறுக்க வேண்டும்.

கல்முனை: பிரேக் பிடிக்காமலே 90இல் நடுங்குகிறது.

பதில்: முதலில் சில்லுகளைப் பலன்ஸ் செய்து, டயரில் வீக்கம் உண்டா என்று பாருங்கள்.

கல்லடி: கடற்கரைக்கு அருகே மாதக்கணக்கில் நிறுத்தியிருந்த கார், இப்போது பிரேக்கில் உதறுகிறது.

பதில்: உப்புக் காற்றில், பாட் (டிஸ்க்கைப் பற்றும் பிரேக் கட்டை) ஒட்டியிருந்த இடத்தில் டிஸ்க் துருப்பிடித்திருக்கும். மேலோட்டமான துரு சில நாள் ஓட்டத்தில் தேய்ந்துபோகும். போகாவிட்டால் டிஸ்க்கைக் கழற்றி அளக்க வேண்டும்.

அக்கரைப்பற்று: றப்பர் புஷ் ஒரு வருடமும் நிற்பதில்லை. பொலியூரித்தேன் என்ற கடினமான செயற்கைப் பொருளில் செய்த புஷ் போட்டால் ஆயுளுக்கும் கவலையில்லை என்கிறார்கள்.

பதில்: சொல்பவர்கள் பெரும்பாலும் விற்பவர்கள். றப்பர் புஷ் சுழல்வதில்லை, முறுக்கிக்கொடுக்கிறது. தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கினால், கார் தரைக்கு வந்ததும் அது நிரந்தரமாக முறுகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். உங்களுடையது ஒரு வருடம் நிற்காததற்குக் காரணத்தை அங்கே தேடுங்கள்.

அக்கரைப்பற்று (மீண்டும்): என் வாகனத்தில் பொலியூரித்தேன்தான் இருக்கிறது, ஐயா. ஸ்டியரிங் முன்னைவிட இறுக்கமாக, நன்றாகவே இருக்கிறது.

பதில்: இருக்கும், மறுக்கவில்லை. அது உள்குழாயின் மேல் சுழல்வதால் இறுக்கும் உயரம் பற்றிய கவலையும் அதற்கில்லை. ஆனால் கிறீஸ் வற்றினால் கீச்சிடும். வீதியின் அதிர்வைக் கூடுதலாக உள்ளே விடும். பின்பக்கப் புஷ் பல திசைகளில் வளைந்துகொடுக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது, அந்த வளைவைக் கடினமான பொருள் தராது. பந்தய வண்டிக்குப் போடுங்கள். பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச்செல்லும் காருக்கு நான் போடமாட்டேன்.

ஓட்டமாவடி: இந்த வாதத்தில் நானும் அக்கரைப்பற்றுக்காரரின் பக்கம்தான். எங்கள் வீதிகளுக்கு றப்பர் தாங்காது.

பதில்: குழி விழுந்த வீதிக்குத்தான் வளைந்துகொடுக்கும் பொருள் வேண்டும், தம்பி. றப்பர் வாங்கிய அடியைக் கடினமான புஷ் வாங்காவிட்டால், லோவர் ஆமும் அதன் போல்ட்டும் வாங்கும். இதை இத்துடன் விடுவோம்.

களுவாஞ்சிக்குடி: புஷ்ஷில் சிறு வெடிப்புகள் தெரிகின்றன. மாற்றவா?

பதில்: மேற்தோலில் மயிரிழை வெடிப்பு வயதால் வருவது. உலோகத்தை விட்டு றப்பர் பிரிந்திருந்தாலோ, எண்ணெய் நிரப்பிய வகையில் கசிவு இருந்தாலோ மாற்றுங்கள். இறுக்கும் உயரம் பற்றி மேலே சொன்னது நினைவிருக்கட்டும்.

வாழைச்சேனை: டிஸ்க்கைச் சீவினால் போதுமா?

பதில்: குறைந்தபட்சக் கனம் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். சீவிய பின் அதற்குக் கீழே போகுமென்றால் சீவக் கூடாது.

ஏறாவூர்: எனக்கும் 80இல் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது. எதை மாற்ற வேண்டும்?

பதில்: செங்கலடிக்காரருக்கு எழுதியதைப் படியுங்கள். சோதிக்கும்வரை எதையும் மாற்ற வேண்டாம்.

பொத்துவில்: மணல் படிந்த வீதியில் சடுதியாகப் பிரேக் அடித்தால் பெடல் காலுக்கடியில் படபடக்கிறது. புஷ்ஷா?

பதில்: இல்லை. ஏபிஎஸ் (சடுதியான பிரேக்கில் சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்கிறது. பெடலை விடாமல் அழுத்திப் பிடியுங்கள்.